மி விடா என்றால் நன்றி

"இப்ப என்ன சொன்னனீங்கள்?" என்று சிவமலர் கேட்டபோது மகேஸ்வரனின் வாயில் தேநீர் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவன் சொன்னது, "தே கியேரோ, மி விடா." ஸ்பானிய மொழி. 'உன்னை விரும்புகிறேன், என் உயிரே' என்று அர்த்தம். சுவிஸின் பேர்ண் நகரத்து உணவகம் ஒன்றின் குசினியில் அவனோடு வேலை செய்யும் பாக்கோ என்ற ஸ்பானியன், இடைவேளை தவறாமல் மனைவிக்கு டெலிபோன் எடுத்து இதைக் கூவிச் சொல்லுவான். உருளைக்கிழங்கு உரிக்கிறவர்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது.

"நீ உன் மனைவிக்குச் சொல்வதில்லையா?" என்று பாக்கோ ஒருநாள் கேட்டான்.

"எங்கட ஆக்கள் உப்பிடிச் சொல்லுறேல்லை."

"பிறகு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"கறி நல்லாயிருக்கெண்டு சொல்லுவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் எப்பவும் இல்லை."

பாக்கோ கரண்டியை வைத்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவன்போல அவன் தோளைத் தட்டினான்.

அன்று பிடித்த அரிப்பு. மனைவி மேல் மகேஸ்வரனுக்கு ஆசை இல்லாமலில்லை. இத்தனை எல்லைகளைத் தாண்டி அவனை நம்பி வந்தவள். குளிருக்கு மூக்குச் சிவந்து அவள் யன்னலோரம் நிற்பதைப் பார்த்தாலே நெஞ்சு இளகிவிடும். ஆனால் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தால், திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டி நிற்பதுபோல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்பானிய மொழியில் அந்தக் கரைச்சல் இல்லை. சொன்னதாகவும் ஆகும், கேட்டவளுக்கு விளங்காமலும் போகும். இந்தக் கெட்டித்தனம் நம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே வரும்.

அவள் திருப்பிக் கேட்பாள் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை.

"அது... நன்றி எண்டு சொன்னனான்," என்றான் ஒருவழியாக விழுங்கி. "இஞ்சத்தை ஆக்கள் சொல்லுறது."

"நன்றிக்கு மெர்சி எண்டெல்லோ சொல்லுறவை?"

"மெர்சி கடையில சொல்லுறது. இது மரியாதையான நன்றி."

சிவமலர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பு அவனுடையதைவிடச் சுத்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகேஸ்வரனோடு அதே குசினியில் வேலை செய்யும் தவச்செல்வன் ஒரு பை மிளகாய்த்தூளோடு வந்தான். சிவமலர் இரு கையாலும் பையை வாங்கி, "தே கியேரோ, மி விடா" என்றாள்.

தவச்செல்வனும் பாக்கோவின் டெலிபோன் பாடத்தைக் கேட்டு வளர்ந்தவன்தானே. "நான் வாறன் அக்கா" என்றவன், சப்பாத்தைக் காலில் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

மறுநாள் குசினியில், "மகேசண்ணை, நான் இனி உங்கட வீட்டுப் பக்கம் வரமாட்டன். என்னில ஒரு பிழையுமில்லை. வைரவர் மேல சத்தியம்!" என்றான்.

உண்மையைச் சொல்லலாம். ஆனால் தவச்செல்வனிடம் சொன்னது மாலைக்குள் சுவிஸின் வடக்கு எல்லை ஷாஃப்ஹவுசன் வரை போய்விடும். பெண்சாதிக்கு ஸ்பானிய மொழியில் கொஞ்சினவன் என்று பெயர் விழுந்தால் பிறகு ஒரு கலியாண வீட்டில் தலை காட்டலாமா? மகேஸ்வரன், "அவவுக்குக் காய்ச்சல், பிதற்றினவ" என்று மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"இஞ்சேரும், அந்த நன்றியை எங்கட ஆக்களுக்குச் சொல்லாதையும். வெள்ளையளுக்குத்தான் சொல்லுறது."

"ஓமப்பா."

அவள் சொல் கேட்கிறவள். பனியில் ஓடிவந்த தனக்காகக் கதவைத் திறந்து காத்திருந்த பஸ் சாரதிக்குச் சொன்னாள். அவன் இத்தாலியன், ஸ்பானிய மொழிக்குப் பக்கத்து மொழிக்காரன், அவனுக்கு விளங்காமலிருக்குமா? கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே அடுத்த தரிப்பிடத்தைத் தாண்டிப் போனான். அன்று பேர்ணில் ஒரு பஸ் பிந்தியது.

"இளம் ஆக்களுக்கு வேண்டாமப்பா," என்றான் மகேஸ்வரன், வியர்த்து. "வயசு போனவைக்குத்தான் அந்த மரியாதை."

"முதலே சொல்லியிருக்கலாமே."

இரண்டாம் மாடியில் ஸ்பிண்டன் என்றொரு கிழவர். கோடைக்குக் கோடை மயோர்க்காத் தீவுக்குப் போய் ஸ்பானிய மொழி படித்து வருகிறவர். கட்டடத்துப் பொது இயந்திரத்தில் உடுப்புத் தோய்க்கத் தனக்கு வந்த முறையை அவர் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்; அவள் மரியாதையான நன்றியைச் சொன்னாள். சுவிஸில் ஒருவர் தோய்க்கும் முறையை விட்டுக்கொடுப்பது சொத்தில் பங்கு எழுதி வைப்பதற்குச் சமம். மறுநாள் கழுத்துப்பட்டி கட்டி, சொக்கிலேற் பெட்டியோடு வந்து மணியடித்தார். கதவைத் திறந்த மகேஸ்வரனைக் கண்டதும் பெட்டியை அவன் கையில் திணித்துவிட்டுப் போனார்.

இனி என்ன பொய் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்தது. கட்டடப் பராமரிப்பாளர் ரமோன் ஸ்பெயின்காரர், வயசு போனவர். அவருடைய மனைவி மெர்சேதஸ் படி துடைத்துக்கொண்டிருந்தாள். ரமோன் சிவமலரின் அரிசிப் பையை மேலே தூக்கிவந்து வைத்தார். பின்னால் வெங்காயத்தோடு ஏறிவந்த மகேஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் சிவமலர் திறந்துவிட்டாள்.

"தே கியேரோ, மி விடா."

ரமோன் சுவரைப் பிடித்தார். மெர்சேதஸ் துடைப்பத்தை எறிந்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். அவள் போட்ட சத்தத்தில் மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன.

"ஐயோ, அவளுக்கு அர்த்தம் தெரியாது!" என்று மகேஸ்வரன் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினான்.

"அப்படியென்றால் அர்த்தத்தைச் சொல்லு. இப்போதே. உங்கள் மொழியில்!" என்றாள் மெர்சேதஸ்.

மகேஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினான். வெங்காயம் ஒவ்வொன்றாகப் படியில் உருண்டது.

"இஞ்சேரும்... அது நன்றி இல்லை."

"பின்னை?"

"எனக்கு உம்மில சரியான விருப்பம் எண்டு அர்த்தம். நீர்தான் என்ரை உயிர் எண்டு."

"ஆருக்கு ஆரில?"

"எனக்கு... உம்மில." காதுச் சோணை இரண்டும் பழுத்துவிட்டன. "அண்டைக்குத் தமிழில சொல்ல வெக்கமாயிருந்தது."

சிவமலர் தலை குனிந்தபடி அரிசிப் பையைத் தூக்கினாள். "சரி, உள்ள வாங்கோ. சோறு ஆறுது," என்று போய்விட்டாள். முகத்தைக் காட்டவில்லை.

கதவுகள் மூடிக்கொண்டன. மகேஸ்வரன் மெர்சேதஸிடம் குனிந்து, "மன்னிக்க வேண்டும். உங்கள் கணவரிடம் அவள் அப்படி..." என்று இழுத்தான்.

மெர்சேதஸ் துடைப்பத்தை எடுத்து வாளியில் நனைத்தாள்.

"மன்னிப்பு எதற்கு? முதல் நாளே உன் மனைவி என்னிடம் அதை ஒப்பித்து, கையாலும் கண்ணாலும் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீ உன் மொழியில் சொல்லும்வரை காண்கிற ஆண்களுக்கெல்லாம் சொல்லுவேன் என்று சைகையிலேயே சபதம் செய்துதான் போனாள்; என் மனுசனைக் கடைசியாக வைத்துக்கொள் என்று மட்டும் நான் கேட்டேன், அவருக்கு இருதயம் பலவீனம்."