ஷங்கர் மேல் தேனீக்களுக்கு என்ன கோபம்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஷங்கரின் மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலரைக்கு மைசூரிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பெங்களூர் தொம்மலூரில் அவர்கள் குடியிருந்த மூன்றாவது மாடி வீட்டின் பால்கனிக்கு மேலே தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. மனைவி ருக்கு அதற்குக் கீழேதான் துணி உலர்த்துவாள். மகள் அனன்யா அங்கே நின்றுதான் ஆபீஸ் போன் பேசுவாள். இருவரையும் ஒரு தேனீகூட நெருங்கியதில்லை. ஷங்கர் பேப்பரோடு போய் உட்கார்ந்தார், கொட்டிவிட்டது.

"எனக்கு மட்டும் ஏண்டி?"

"உங்க கோபம் அதுகளுக்கும் தெரிஞ்சுடுத்து போல," என்றாள் ருக்கு.

முப்பது வருஷம் அரசாங்க இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த உதட்டோடு சம்பந்தி முன்னால் உட்கார விரும்பவில்லை. மைசூருக்குப் போன் செய்து அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள்.

தன் ரத்தம் இனிப்பாக இருக்குமோ என்று ஷங்கருக்குச் சந்தேகம். சுகர் டெஸ்ட் எடுத்தார். சரியாக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதுவரை கல்யாணப் பேச்சில் வாயே திறக்காத அனன்யா, இந்தத் தேனீ விஷயத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போய் அலர்ஜி உண்டா என்று சோதித்தாள். வீங்கும், வலிக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். அதைக் கேட்டு அப்பாவைவிட அவளுக்குத்தான் அதிக நிம்மதி.

பிறகு போனில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பால்கனிக்குப் போகுமுன் இரண்டு வாழைப்பழம் சாப்பிட வேண்டும். கொடுக்கு இறங்காமலிருக்கக் கறுப்புக் கம்பளி ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட வேண்டும். கழுத்தில் மல்லிகைத் தைலம் தடவ வேண்டும். அப்படியும் கிட்டே வந்தால் பேப்பரை வேகமாக வீசி விரட்ட வேண்டும்.

சனிக்கிழமை ஷங்கர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். காதில் ஒன்று, புருவத்தில் ஒன்று. கொட்டின இடத்தைக் கழுவினால் விஷம் பரவும் என்று அனன்யா தடுத்தாள். கால் மணி நேரத்தில் அதே புருவத்தில் இன்னொன்று கொட்டியது. வலது கண் மூடிக்கொண்டது. மைசூருக்கு மறுபடி போன் போயிற்று.

ஆளைக் கூப்பிட்டுக் கூட்டை எடுத்துவிடலாம் என்றாள் ருக்கு. தேனீ இல்லாவிட்டால் உலகத்தில் விவசாயமே நடக்காது என்று அனன்யா அரை மணி நேரம் விளக்கினாள். ஆளையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு, என்ன ஆனாலும் வருகிறோம் என்று மைசூர்க்காரர்கள் வந்தே விட்டார்கள். பையன் ஸ்ரீஹர்ஷா, அவன் அப்பா, அம்மா. அவர்கள் லிஃப்டில் வரும்போதே அனன்யா அப்பாவின் கழுத்தில் தைலம் தடவி, ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். ஷங்கர் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு பாசமாக இருக்கிறவளை எப்படி இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது?

பையனின் அப்பா காற்று வரட்டும் என்று பால்கனிக் கதவைத் திறந்தார்.

ஏழெட்டுத் தேனீக்கள் நேராக ஷங்கரிடம் வந்தன. மகள் சொன்னபடி அவர் பேப்பரை வீசி விரட்டினார். அதில் ஒன்று திசைமாறி ஸ்ரீஹர்ஷாவின் மூக்கில் உட்கார்ந்து கொட்டியது. சகுனம் சரியில்லை என்று பையனின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

திங்கட்கிழமை அனன்யா ஆபீஸ் போனதும் ஷங்கர் வாட்ச்மேனிடம் நம்பர் வாங்கி, தேன்கூடு எடுக்கும் கோவிந்தப்பாவை வரவழைத்தார். வெள்ளைச் சட்டைக்காரர். நிதானமாகக் கூட்டை ஒரு மரப்பெட்டிக்குள் மாற்றினார். ஒரு கொட்டுகூட இல்லை.

தன்மேல் மட்டும் இதுகளுக்கு என்ன கோபம் என்று கேட்டார் ஷங்கர். என்ன போடுவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று கோவிந்தப்பா விசாரித்தார். ஷங்கர் ஸ்வெட்டரிலிருந்து தைலம்வரை வரிசையாக ஒப்பித்தார்.

கோவிந்தப்பா ஒவ்வொன்றாக விளக்கினார். கறுப்புக் கம்பளியைக் கண்டால் தேனீக்குக் கரடி ஞாபகம் வரும். பூவாசனை கிட்டே இழுக்கும். சண்டைக்குக் கூட்டாளிகளைக் கூப்பிடத் தேனீ விடுகிற வாசனை வாழைப்பழம் மாதிரியேதான் இருக்கும். கொட்டின இடத்தைக் கழுவாவிட்டால் அந்த வாசனை போகாது என்றார்.

"இதெல்லாம் எங்களுக்கு யாருமே சொல்லலையேப்பா," என்றார் ஷங்கர்.

"ஏன் சார், போன மாசமே உங்க மக அனன்யா மேடம் போன் பண்ணாங்களே. எதெல்லாம் செய்யவே கூடாதுன்னு கேட்டு, ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாங்க."