பேனரில் அடித்த பாஸ்வேர்டு

என் அக்கா மகளின் காதுகுத்துக்கு வந்திருந்தவர்கள்: அம்மா, அப்பா, அக்கா, பேனர் உபயம் செய்த மச்சான், லால்குடி சுற்றுவட்டாரத்துச் சொந்தக்காரர்கள் முந்நூறு பேர். வராதவர் ஒருவர்தான்: என் முதலாளி சேவியர் சார். வந்திருந்தால் மண்டப வாசலிலேயே பேனரைக் கிழித்திருப்பார். எனக்கு இதை எழுதும் வேலையும் இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். பாலக்கரையில் ஒரு செருப்புக் கடை மாடியில் இருந்த சேவியர் சாரின் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி என்றால் அவர், நான், ஒரு டேபிள் ஃபேன். ஆனால் ஊரில் நான் 'கம்ப்யூட்டர் இன்ஜினியர்'. (யாராவது செல்போன் ரிப்பேருக்குக் கொடுத்தால் மறுக்கவும் மாட்டேன்.)

எங்கள் பெரிய வாடிக்கையாளர், ஒரே வாடிக்கையாளர் என்றும் சொல்லலாம், ஸ்ரீரங்கத்தில் பதினெட்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜின் உரிமையாளர் ராகவன் சார். அந்த லாட்ஜுக்கு நான் ஒரு வெப்சைட் செய்தேன். அறை பதிவு செய்தால், 'தங்களுக்கு இன்ன எண் அறை உறுதி செய்யப்பட்டது, வருக' என்று எஸ்எம்எஸ் போகும். அதை அனுப்பித் தரும் கம்பெனி எங்களுக்கு ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தது. அவை யார் கையில் இருக்கின்றனவோ அவர் லாட்ஜின் பெயரிலேயே செய்தி அனுப்பலாம்.

"அதைப் புரோகிராமுக்குள்ள எழுதாத செல்வம். சர்வர்ல தனியா வை, புரோகிராம் அங்கேருந்து எடுத்துக்கட்டும். புரோகிராமை நாலு பேர் பாப்பாங்க" என்று சார் முதல் நாளே சொன்னார்.

"சரிங்க சார்" என்றேன். அப்புறம் புரோகிராமுக்குள்ளேயே எழுதினேன். தனியாக வைக்க அரை நாள் ஆகும். உள்ளே எழுத அரை நிமிடம். பக்கத்தில் 'இது தற்காலிகம்' என்று ஒரு குறிப்பும் போட்டேன். (அந்தத் தற்காலிகத்துக்கு அப்போது வயது ஐந்து மாதம்.) நம்மைத் தவிர இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கைதான்.

காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் கதாநாயகன். மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, பேனர்ல உன் போட்டோவுக்குப் பின்னாடி சிங்கம் போடவா, புலி போடவா?"

"அதெல்லாம் பழசு மச்சான். நான் செய்யுற வேலையையே போடுங்க" என்று சொல்லி, கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். இருந்த பக்கங்களிலேயே நிறைய கலர் இருந்தது எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராம் பக்கத்தில்தான். அழகுக்காக அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குங்களே" என்றாராம். "அப்ப நடுவுல இருக்கறதை மட்டும் வெட்டிப் பெருசாக்குங்க. மாப்ள படிச்ச படிப்பு பஸ்ல போறவனுக்கும் தெரியணும்" என்றாராம் மச்சான்.

நடுவில் இருந்தது அந்த வரி. லாட்ஜ் பெயர், எஸ்எம்எஸ் கம்பெனி முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் பத்தடி அகலத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு கத்தரிக்காய் அளவில். முன்னால் கூலிங் கிளாஸோடு நான். அதன் கீழே நின்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். சேவியர் சார் அதற்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

காதுகுத்து கார்த்திகைக் கடைசியில் முடிந்தது. பேனரை யாரும் கழற்றவில்லை. லால்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், அந்த மண்டப வாசலிலேயே மார்கழியிலும் நின்றது.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் காலை சார் போன் செய்தார். குரலே சரியில்லை. "உடனே ஸ்ரீரங்கம் வா."

லாட்ஜ் வாசலில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். எல்லார் கையிலும் செல்போன், செல்போனில் எங்கள் எஸ்எம்எஸ். நல்லவேளையாக, டெலிகாம் விதிப்படி முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகத்தைத் தவிர வேறு எதையும் அதில் அனுப்ப முடியாது. எவனோ ஒரு புண்ணியவான் அந்த வாசகத்தையே கண்ட நம்பருக்கெல்லாம் அனுப்பித் தள்ளியிருந்தான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

"ஏழாம் நம்பர் ரூமுக்கு மட்டும் பதினோரு பேர் வந்துருக்கா! மீதிப் பேரை நான் எங்கே வெச்சுப்பேன்? நாற்பது வருஷமா யாரையும் திருப்பி அனுப்பினதில்லை. இன்னிக்கு இவாள்லாம் தெருவில நின்னா, நாளைலேர்ந்து உங்க வெப்சைட்டும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றார் ராகவன் சார்.

அவர் போனால் கம்பெனி இல்லை. கம்பெனி இல்லையென்றால் இன்ஜினியர் இல்லை.

சேவியர் சார் என்னை ஓரமாக இழுத்தார். "யாரோ பெரிய ஹேக்கர் செல்வம். வெளிநாட்டுக்காரனா இருக்கும்."

"ஆமா சார், ரஷ்யாக்காரனா இருக்கும்" என்றேன், கவலையோடு.

பையோடு நின்ற ஒரு அம்மாவிடம் சார் கேட்டார்: "பணம் கட்டாமலே ரூம் வந்துச்சே, யோசிக்கலையாம்மா?"

"பெருமாள் குடுத்தாருன்னு நெனச்சோங்க."

"எந்த ஊரு?"

"லால்குடிங்க." பக்கத்தில் இருந்தவரும் லால்குடி. அவருக்கு அடுத்தவரும்.

அந்த அம்மா என்னையே உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தம்பி, நீங்க எங்க ஊரு பேனர்ல இருக்கறவர்தானே? கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு! பின்னாடி இந்த லாட்ஜ் பேருகூட இங்கிலீஷ்ல இருக்குன்னு என் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு!"

சார் என் போனை வாங்கினார். தான் கட்டைவிரல் அனுப்பிய படத்தைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கினார். அவ்வளவு பெரிதாக்கத் தேவையே இருக்கவில்லை.

"ரஷ்யாக்காரன்" என்றார்.

பாஸ்வேர்டை மாற்ற நாலு நிமிடம் ஆனது. சர்வரில் தனியாக வைக்க, நான் பயந்த அரை நாள்கூட ஆகவில்லை. லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் முடித்தேன். வந்தவர்களுக்கு இடம் பிடிக்கத்தான் சாயங்காலம் வரை ஆனது. உத்தர வீதியில் இரண்டு வீட்டு மாடிகள், ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஐம்பத்து நாலு பேரையும் மூட்டை முடிச்சோடு நான்தான் கூட்டிப்போனேன். ஒவ்வொருவரும், "பேனர் தம்பி, தண்ணி எங்க?" "பேனர் தம்பி, பாத்ரூம் எங்க?" என்று கேட்டார்கள். மறுநாள் விடியலில் அவர்கள் பரமபத வாசல் தாண்டி வந்து, எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். வேண்டுதல் பலித்தது. "ஒருத்தரும் தெருவில நிக்கலை. அதனால பொழைச்சுப் போ" என்றார் ராகவன் சார். அந்த லாட்ஜ் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது.

வீட்டில் இப்போது யாராவது போன் லாக்கை மறந்துவிட்டுத் திண்டாடினால், "லால்குடி பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாரு, எழுதியிருக்கும்" என்கிறாள் அக்கா. மச்சான் ஒருவர்தான் சிரிப்பதில்லை. பிரிண்ட் எவ்வளவு தெளிவாக வந்திருந்தது என்று பெருமைப்படுகிறார்.

செலவில் பாதியை சார் ஏற்றுக்கொண்டார், மீதிப் பாதி என் தலையில். கணக்கை அப்பாவிடம் பயந்து பயந்து சொன்னேன்.

"நாலு வருசம் காலேஜுக்குக் கட்டினோம், அவுங்க இதைச் சொல்லிக்குடுக்கலை. இது சல்லிசுதான் தம்பி" என்றார்.

மண்டப வாடகை, மாடி வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, வீணாய்ப் போன எஸ்எம்எஸ் எல்லாம் சேர்த்து, பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.