மோப்பப் பெட்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு

வீட்டை விட்டு ஓடிப்போன ஆண்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. காசிக்கு ஓடியவர் உண்டு, பம்பாய்க்கு ஓடியவர் உண்டு. ஆனால் வீட்டை விட்டு ஓடி, வாசலோடு நின்றுவிட்ட ஒரே மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் எதிர்வீட்டு ரிக்குக்காரர்தான். சூரமங்கலத்தில் சொந்த வீடு, வீட்டில் தேக்குக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் இருக்க, அவர் படுத்தது என்னவோ வாசலில் நின்ற வண்டிக்குள்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வாலிபத்தில் கிளம்பி, தலை நரைக்கும் வரை வடக்கே எங்கெங்கோ சுற்றியவர். தீபாவளிக்கும் மாரியம்மன் நோன்புக்கும் மட்டும் ஊர்ப் பக்கம் தலைகாட்டுவார். வயதான பிறகு ரிக்கை விற்றுவிட்டு, ரயில் சத்தமாவது கேட்கட்டும் என்று ஜங்ஷன் பக்கமாக எங்கள் தெருவில் வீடு வாங்கினார். வந்த பிறகுதான் தெரிந்தது, சக்கரம் இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது என்று.

"ஏனுங்க தம்பி, ஊட்டுக்குள்ள படுத்தா ஆஸ்பத்திரில படுத்தாப்பல இருக்குதுங்க. எப்ப டாக்டரு வருவாரோன்னு பாத்துக்கிட்டே கெடக்கறேன்" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

ஆகவே ஒரு பழைய வேனை வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் விட்டார். ஊரூராகப் போய்த் தங்க, கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டி வேண்டும் என்று கேட்டார். பட்டறைக்காரர்கள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கொடுத்தார்கள்தான். ஆனால் அவர்கள் கை லாரி கட்டிப் பழகிய கையாயிற்றே! நெற்றியில் இரண்டு மயில், இரண்டு பக்கமும் தாமரை, பின்னால் கர்ஜிக்கும் புலி, அதன் வாயருகே 'ஒலி எழுப்பவும்' என்று ஒரு வேண்டுகோள். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாம், "சங்ககிரிக்கு ஒரு லோடு அடிக்கணும், வாடகை என்ன?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் சளைக்காமல், "இதுல ஏத்தற ஒரே லோடு நாந்தானுங்க" என்பார்.

இந்த வண்டியை அவர் தூங்குவதற்கு மட்டும் கட்டவில்லை. அவர் மனைவி சரசு அக்காவுக்கு ஒரு பழைய வாக்கு பாக்கியிருந்தது. கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் ஒரு வறண்ட ஊரில் அவர் சொந்த ரிக்கில் போட்ட முதல் போர்வெல். தண்ணீர் பீறிட்டு வந்ததும் ஊரே அதில் நனைந்து ஆடியதாம். கல்யாணமான புதிதில் அக்காவிடம் அதைச் சொல்லி, "உன்னய ஒரு நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போறேன்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போன நெடுந்தூரப் பயணம் ஈரோட்டுக்கு ஒரு சீமந்தம், அதுவும் பஸ்ஸில், தனித்தனி சீட்டில்.

இனி அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிக் தொழிலில் அது பெயர் பெற்ற மூக்கு. பாறையைத் துளைக்கும்போது மேலே வரும் புழுதியை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்து, தண்ணீர் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். சொன்னது பலித்த கதைகளை மட்டும்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம். எங்கள் தெருவுக்கு வந்த பிறகு பாறை கிடைக்காததால் மூக்கை எங்கள் சமையலறைகள் பக்கம் திருப்பினார். நான் ரயில்வே ஆபீஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இன்னிக்கு உங்க ஊட்டு ரசத்துல பெருங்காயம் பத்தலீங்க" என்பார். என் மனைவி உள்ளே பல்லைக் கடிப்பது எனக்கு மட்டும் கேட்கும்.

ஊரெல்லாம் அந்தப் பெரிய காய்ச்சல் வந்து போன வருடம் அவருக்கும் வந்து போனது. எழுந்து வந்தவர் மறுபடியும் வாசலில் நின்று சமையல் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். தெரு நாய்கள் எங்கள் வாசலில் பொதுக்கூட்டம் போட்டிருந்தன. ரிக்குக்காரர் மூச்சை நன்றாக இழுத்து, கண்ணை மூடி, "கத்திரிக்காப் பொரியலுங்க" என்றார்! காலையில் காய்கறி வண்டியில் என் மனைவி கத்தரிக்காய் வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார். ஏதோ கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

வண்டி தயாராகி வந்ததும் சரசு அக்கா ஒரு நிபந்தனை போட்டார். அக்கா அதிகம் பேச மாட்டார். பேசினால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"கேஸு கசிஞ்சாக் கத்தற பெட்டி ஒண்ணு இருக்குதாமா. அத மாட்டுனாத்தான் வண்டில ஏறுவேனுங்க."

ரிக்குக்காரருக்கு வந்ததே கோபம். "என்ற மூக்கு இருக்கறப்ப மோப்பத்துக்கு ஒரு பெட்டியா? யானை வெச்சிருக்கறவன் ஊட்ல எலி வெச்சு மரம் இழுப்பாங்களா?" என்று குதித்தார். பிறகு தானே போய் வாங்கி வந்து, வண்டிக்குள் அடுப்புக்குக் கீழே, தரையை ஒட்டினாற்போல மாட்டினார். சமையல் கேஸ், கார்பன் மோனாக்சைடு இரண்டையும் கண்டுபிடிக்கும் பெட்டி அது. சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக, முகத்தில் சின்னச் சின்னத் துளைகளோடு இருந்தது. தெருவில் அதற்கு மோப்பப் பெட்டி என்று பெயர் விழுந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்தில் ஆயுத பூஜையன்று தப்பிக்கிற பொருள் ஏது? ஸ்டியரிங், அடுப்பு, சிலிண்டர், கட்டில் கால், வாளி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார் ரிக்குக்காரர். மோப்பப் பெட்டி மேல் கோபம் தீர்ந்திருந்தது போல. அதற்குக் கூடுதல் கவனிப்பு. முகம் நிறைய விபூதிப் பட்டை, நடுவே குழைத்த சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம். அது பெட்டி மாதிரியே இல்லை, சின்ன சிவலிங்கம் மாதிரி இருந்தது. நான் வேறு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பெட்டி விட்டுவிட்டு 'கிக்' என்று கத்தத் தொடங்கியது. வேறு எவனாக இருந்தாலும் பெட்டி பழுது என்று நினைத்திருப்பான். இவர் அதைப் பல்லி சொல்வதாக எடுத்துக்கொண்டார். "அந்தக் காலத்துல நான் போட்ட போரு ஒண்ணுகூட வீணாப் போனதில்லீங்க" என்பார். உள்ளேயிருந்து 'கிக்'. "பாத்தீங்களா, சொல்லிருச்சு! சத்தியமுங்க!" என்று மூன்று விரலால் தரையைத் தட்டுவார். சரசு அக்காவோ அது எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்று பஞ்சாங்கத்தில் பலன் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கிலிருந்து சொன்னால் காரியத் தடை என்று போட்டிருந்ததால், அவர் சொல்லி வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள்.

கிளம்பும் நாள் குறித்தாகிவிட்டது. அக்கா புளிசாதம் கட்டத் தயாராகி, புதுச் சேலைக்கு ஜாக்கெட்டும் தைத்துவிட்டார். அதற்கு முந்தைய நாள் காலையில், "வண்டில டீ போட்டுப் பாக்கலாம், வாங்க தம்பி" என்று ரிக்குக்காரர் கூப்பிட்டார். நான் கதவருகே போனதும் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே அவர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். அடுப்புக்குப் போகும் குழாய் கழன்று உஸ்ஸென்று சத்தம் வருகிறது. வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்ததில் அந்தச் சத்தம் அவர் காதில் விழவில்லை. கையில் லைட்டர்.

"அண்ணா! கேஸ்!" என்று கத்தினேன்.

"அட, ஒண்ணுமில்லீங்க. பெட்டிகூடச் சும்மாத்தான இருக்குது" என்றார். பெட்டி 'கிக்' என்றது. "பாத்தீங்களா, சொல்லிருச்சு!"

என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு உருவம் உள்ளே பாய்ந்தது. சரசு அக்கா. லைட்டரைப் பிடுங்கி வெளியே வீசினார். சிலிண்டரை மூடினார். கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். அவ்வளவு வேகம் அக்காவிடம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

"வண்டியும் வேண்டாம், போரும் வேண்டாம். யாரும் எங்கயும் போகலை" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குள் போனார்.

அக்காவைச் சமாதானம் செய்யலாம் என்று நானும் உள்ளே போனேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அவருக்கு வாசமே தெரியறதில்லீங்க. காய்ச்சலு வந்து போனதுல இருந்து. அடுப்புல பாலு தீஞ்சு ஊடே பொகையுது, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. அதான் பெட்டி கேட்டேன். நீங்களும் காட்டிக்காதீங்க, சாமி."

வெளியே வந்தால் ரிக்குக்காரர் வண்டியின் புலிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. என்ற மூக்கு போயி ரொம்ப நாளாச்சுங்க. சரசுக்குத் தெரியாது. தெரிஞ்சாப் பயந்துக்குவா. நீங்க சொல்லிராதீங்க."

ஒரே வீட்டில் ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, நடுவில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "பெட்டி ஏன் கத்தலைன்னு பாக்கலாம், வாங்கண்ணா" என்றேன்.

வண்டியில் நாற்றம் முழுக்கப் போகும்வரை காத்திருந்து, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, பெட்டியைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தோம். துளைகள் எல்லாம் சந்தனத்தால் அடைத்துக் காய்ந்து கல்லாகியிருந்தன. ரிக்குக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நானே இது மூக்க அடைச்சுட்டனே, தம்பி" என்றார். பெட்டிக்கு ஆறுதல் சொல்லிவிடுவார் போலிருந்தது.

ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிடலாம் என்பது அவர் யோசனை. சேலம் கடைவீதிக்கு அதை எடுத்துப் போய்க் கேட்டதும் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இதெல்லாம் கழுவிப் போட்டுக்கற சாமானில்லீங்க. அது 'கிக் கிக்'னு சொன்னதே நான் கெட்டுப் போயிட்டேன், மாத்துங்கன்னுதான். நல்லா இருந்தாலும் சில வருசத்துல ஆயுசு முடிஞ்சிரும், பின்னாடி தேதி போட்டிருக்கும் பாருங்க." பிறகு புதிய பெட்டியை எடுத்து வைத்து விளக்கினார். "சமையல் கேஸுன்னா நாத்தம் வரும். மூடுன எடத்துல அடுப்பெரிச்சா வர்ற கார்பன் மோனாக்சைடு இருக்குது பாருங்க, அதுக்கு வாசமே கெடையாது."

ரிக்குக்காரர் நிமிர்ந்தார். "யாருக்குமே தெரியாதுங்களா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"நல்ல மூக்கு இருக்கறவனுக்கு?"

"எந்த மூக்குக்கும் தெரியாதுங்க."

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கண்டக்டர் எல்லோரிடமும், "ஒரு கேஸ் இருக்குதுங்க. நீங்க, நானு, போலீஸ் நாயி, ஆருக்கும் வாசம் தெரியாதுங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

முதல் வேலையாகக் குழாயை மாற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். பிறகு புதிய பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து ஸ்குரூ முடுக்கி, சிவப்பு ஒயரோடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்து, பேட்டரியைக் கொடுத்து, சோதனை பட்டனை அழுத்தினோம். அது போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரசு அக்கா வந்தார். கையில் சந்தனக் கிண்ணம்.

"சரசு! அதும் மூக்குல வெக்காத!" என்று பெட்டிக்கும் அக்காவுக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் ரிக்குக்காரர்.

அக்கா சிரித்துவிட்டார். பெட்டிக்கு எட்டாத உயரத்தில் சுவரில் பொட்டை வைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "செரி, கேளுங்க. கேஸ அது பாத்துக்கும். மத்த வாசமெல்லாம் நாஞ் சொல்றேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, போதும்."

ரிக்குக்காரர் விரித்த கையை மெல்ல இறக்கினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பாலு தீஞ்ச அன்னிக்கே."

"சொல்லவே இல்லியே, புள்ள."

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

தெரு முழுக்க நிற்கிறது என்பதையும் மறந்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, மயிலும் புலியுமாக அந்த லாரி வீடு எங்கள் தெருவை விட்டுப் போனது. முன் சீட்டில் புதுச் சேலையோடு அக்கா.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "தம்பி, வந்து சேந்துட்டமுங்க! நான் போட்ட போரு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குதுங்க! ஈர மண்ணு வாசம் ஆளத் தூக்குதாமா. சரசு சொல்றா."

போனை அக்கா வாங்கிக்கொண்டார். "ஊருக்கு ஊரு வண்டிய நிறுத்தி, இங்க என்ன வாசம், இங்க என்ன வாசம்னு கேக்கறாருங்க. சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிக்கிச்சு, தம்பி. கல்யாணமானதுல இருந்து இவருகூட நான் இத்தன பேச்சுப் பேசுனதே இல்லீங்க."

"இப்ப என்ன வாசம் புள்ள?" என்று பின்னால் அவர் குரல்.

"எங்கியோ வெல்லம் காச்சறாங்க."

"வெல்லமா இருக்காது. இந்த ஊர்ல ஆலையே கெடையாது."

"மூக்கு எனக்கா உங்களுக்கா?"

போனை வைக்க மறந்துவிட்டு இரண்டு பேரும் வழக்காட ஆரம்பித்துவிட்டார்கள். ஆபீஸுக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வைக்க மனமில்லாமல், அந்தச் சண்டை முடியும்வரை காதில் போனோடு வாசலிலேயே நின்றிருந்தேன்.