ஆடிக் கிருத்திகையில் மாறிப்போன மொட்டை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சோம்பல் பாதி, மானம் பாதி. ஆனால் திருத்தணியில் ஆளாளுக்கு இஷ்டப்படி கதை கட்டுவதால், அசல் குற்றவாளியே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் தர்ம டிரஸ்டை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. (மற்ற எல்லோரையும் செய்தாகிவிட்டது.) யுத்தம் நடந்த அந்தப் பஞ்ச காலத்திலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினார்கள், வாசகசாலை நடத்தினார்கள், கிருத்திகைக்குத் தண்ணீர்ப் பந்தலும், கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையும் போட்டார்கள். மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், பாதியோடு நின்ற நான், மறுபடி படிக்க ஆசைப்பட்டு டிரஸ்ட் காரியதரிசி நாயுடுகாருவிடம் போய் நின்றேன்.

"திருநாள்ல கொட்டாயப் பாத்துக்கோ. ஒழுங்கா இருந்தா சேத்துக்கறோம்" என்றார்.

ஒழுங்காகத்தான் இருந்தேன், மத்தியானம் வரைக்கும்.

தெலுங்கு பேசும் நகரிக்காரர் ஒருவர் ஓடிவந்து, மொட்டையடித்த கையோடு அக்கா மகனைக் காணோம் என்றார். கொட்டகைக்குள் பார்த்தால், எல்லாப் பிள்ளைகளும் மொட்டையும் சந்தனமுமாக ஒரே அச்சு. தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தூக்கி நீட்டினேன். அவரும் காலையில் முடியோடு பார்த்தவர்தானே! "ஆங், இவன்தான்" என்று தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டேன். (மீசை அப்போது முளைக்கவில்லை.)

கொஞ்ச நேரத்தில் மணவூர் அம்மாள் ஒருத்தி வந்து, ஒவ்வொரு மொட்டையாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கதான் தூங்கிகினு இருக்கான்னாங்களே, எங்கப்பா எம்புள்ள?"

நாயுடுகாருவிடம் விஷயத்தை உளறிவிட்டு, நகரிக்காரர் ரயிலுக்குத்தான் போயிருப்பார் என்று ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே பையன் விழித்துக்கொண்டு, அம்மாவிடம் போகணும் என்று தமிழில் அலற, நகரி அக்கா தன் தம்பியைத் தெலுங்கில் வெளுத்துக்கொண்டிருந்தாள். ரயிலும் வந்துவிட்டது. பின்னாலேயே நாயுடுகாரு மூச்சிரைக்க வந்தார், இடுப்பில் இன்னொரு மொட்டையோடு. கொட்டகையில் தெலுங்கில் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தவனாம் அவன். அவர் பின்னால் மணவூர் அம்மாள்.

பிள்ளைகள் கைமாறினார்கள். என் படிப்பு போச்சு என்று தலைகுனிந்து நின்றேன்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் வந்துடு" என்றார் நாயுடுகாரு. "உன்னைப் படிக்க வெக்காம உட்டா ஊரு தாங்காது."

மூன்றாம் பாரத்தை முடித்துவிட்டேன். (இரண்டு தடவையில்.) பிள்ளையே தன் ஆளை அடையாளம் காட்டினால்தான் கொட்டகையிலிருந்து அனுப்புவது என்று டிரஸ்டில் இன்றும் ஒரு சட்டம் உண்டு, அதற்கு என் பேர்தான்.

போன கிருத்திகையில் சிநேகிதன் முனுசாமி மகனுக்கு மொட்டை. கூட்டமாக இருக்கிறதே, பையனை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"நீ செருப்பப் பாத்துகினு இரு, அதுவும் ஜோடி மாறாம."