பெண் பார்க்கப் போன இடத்தில் சொறி

ராமநாதபுரம் ஜில்லாவிலேயே காற்றைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஆள் ஒருத்தன்தான். நம்ம ஊர்க் காற்றைத் தவிர மற்ற எல்லாக் காற்றும் அவனுக்கு அத்துப்படி.

பாம்பன் ஐஸ் கம்பெனி ஒன்றில் நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது அங்கே கம்ப்ரசர் பார்த்தவன் அவன். பேர் என்னவோ ஒன்று இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவன் 'பிரஷர்'. வாயைத் திறந்தால் 'ராம் பிரஷர்' என்பான், அதனால். "ராமருக்கே பிரஷர் இருந்திருக்கும்லே. கடல்ல பாலம் கட்டுறதுன்னா சும்மாவா?" என்று ஐஸ் உடைக்கிற பெரியவர் ரொம்ப நாள் ராமருக்காகப் பரிதாபப்பட்டார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு விஞ்ஞானிகள் டெலஸ்கோப் படங்களை நெட்டில் போட்டு, இந்த கேலக்ஸிக்கு வால் இருக்கிறதா என்று ஊர் உலகத்தைக் கேட்பார்களாம். பிரஷர் செல்போனில் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்வான். கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சூடான வாயு பரவிக் கிடக்கும். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கேலக்ஸி ஓடினால், எதிர்க்காற்று மாதிரி அது அழுத்தி, கேலக்ஸியின் சொந்த வாயுவைப் பின்பக்கமாக உருவிவிடும். அந்த அழுத்தத்துக்குப் பேர்தான் ராம் பிரஷர். உருவிய வாயு வாலாகத் தொங்க, கேலக்ஸி பார்க்க ஜெல்லி மீன் மாதிரி இருக்கும். ஜெல்லி மீனுக்குப் பாம்பனில் சொறி என்று பேர். ஆகவே பிரஷருக்கு அந்த கேலக்ஸிகளும் சொறி.

நான் நம்பவில்லை. ஒருநாள் பைக்கில் என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பாம்பன் பாலத்தில் ஒரு விரட்டு விரட்டினான். என் தோளில் கிடந்த புதுத்துண்டு கடலுக்குப் போய்விட்டது.

"துண்டு போச்சு, நீங்க போகலைல்ல? துண்டுதாண்ணே வாயு. நீங்க நட்சத்திரம்."

என்னை நட்சத்திரம் என்று சொன்ன முதல் ஆள் என்பதால் சும்மா விட்டேன்.

மீன்பிடி போட்டுக்காரர் ஒருவர் ஒருநாள் ஐஸ் வாங்க வந்தவர், "இன்னைக்குக் காத்து எப்படிப்பா?" என்றார். "செகண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்ண்ணே," என்றான் இவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் டோக்கனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பிரஷருக்கு வயது முப்பத்து நாலு. மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நாலாவதாக உச்சிப்புளிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ். பூர்வீகம் அந்தப் பக்கம்தான், அவனைப் பெத்த அய்யா மளிகைக் கடை போட வந்ததால் பிறந்து வளர்ந்தது பாம்பன். அய்யாவுக்கு நடமாட்டம் இல்லாததால் பெரிய மனுசனாக நான் போனேன். "போட்டோவுலயே மனசு நெறைஞ்சு போச்சுண்ணே. இது மட்டும் தட்டிப்போச்சுன்னா இனிமே யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன்," என்றான் வழியில். "அப்ப வாயை மூடிக்கிட்டு இரு," என்றேன்.

கேசரி வந்தது. பெண்ணின் அப்பா, "லீவு நாள்ல என்ன செய்வீக தம்பி?" என்று சும்மா கேட்டு வைத்தார்.

"சொறிதாங்க. காலையில உக்காந்தேன்னா சாயங்காலம் வரைக்கும் சொறிதான். எந்திரிக்கவே மனசு வராது."

பெண்ணின் அம்மா கேசரித் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எத்தனை வருசமா?"

"ஏழெட்டு வருசமா. மொதல்ல ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. இப்ப எக்கச்சக்கம்."

"யார்ட்டயும் காட்டுனீகளா?"

"பார்க்குறவுக எல்லார்ட்டயும் காட்டுவேன். இந்தா, உங்களுக்கும் காட்டுறேன்," என்று போனை எடுக்க பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

"வேணாம் தம்பி. பொம்பளைக இருக்காக," என்று எழுந்தே விட்டார் அவர்.

நான் பரமக்குடிக்காரன். எனக்கு ரெண்டு சொறியும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் நிறைய கேசரி, சிரிப்பை அடக்கியதில் புரை ஏறிவிட்டது. பாவி நான். அந்தப் பெண் மட்டும் காப்பி டம்ளரை நீட்டும்போது அவன் விரல் இடுக்கையே உற்றுப் பார்த்தாள்.

"நம்ம சொறி மேல அவுகளுக்கு எம்புட்டு அக்கறை பாத்தீகளா? பொண்ணு என் கையவே பாத்துக்கிட்டு இருந்துச்சுண்ணே," என்று ஊர் வரை சிரித்துக்கொண்டே வந்தான். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் தரகர் போன் செய்தார்: மாப்பிள்ளை முதலில் உடம்பைப் பார்க்கட்டுமாம். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான்.

"வாயு மொத்தமும் போன கேலக்ஸியில புதுசா நட்சத்திரம் பொறக்காதுண்ணே," என்றான். மூன்று நாள் அவன் பேசியது அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பெண்ணின் அப்பா. தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு நிற்கிறது. "என்னாய்யா பாலம் கட்டி வச்சிருக்கீக. துண்டைப் பறிச்சுட்டுப் போயிருச்சு," என்றார்.

பிரஷர் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு வெளிச்சம். "போயிருச்சா? துண்டு மட்டும்தான போச்சு? நீங்க இருக்கீகள்ல?"

அவர் என்னைப் பார்த்தார். "எம்மக சொல்லுது, விரல் இடுக்குல ஒரு புள்ளி கூட இல்ல, அது சொறியே இல்ல, வேற என்னமோ, நேர்ல போயி கேட்டுட்டு வாங்கன்னு. என்னதான்யா அது?"

பிரஷர் ஓடிப்போய் டிராயரைத் திறந்து போனை எடுத்து வந்து காட்டினான். துண்டு, பாலம், கேலக்ஸி, கடல் சொறி, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். அவர் நெடுநேரம் படத்தையே பார்த்தார்.

"வாலுக்குள்ள என்னமோ மினுங்குதே?"

"அதுவும் நட்சத்திரந்தான். பறிகொடுத்த வாயுவுலயும் புதுசா பொறக்கும் மாமா."

மாமா என்று சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மாமான்னே கூப்புடுங்க," என்றார். "ஆனா கல்யாணப் பத்திரிகையில மட்டும் அந்தச் சொறிங்கிற வார்த்தை வரக்கூடாது."

கல்யாணம் நடந்தது. இப்போது வீட்டில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஆளுக்கொரு போனில் கேலக்ஸி வால் பார்க்கிறார்களாம். நான் மதுரைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எப்போதாவது பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தோளில் கிடக்கும் துண்டை, போனால் போகட்டும் என்று, பிடித்துக்கொள்ளாமல் வருகிறேன்.