ரோபோவை விசாரித்த மோசஸ் அங்கிள்

சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பாதி நேரம் அவர்கள் சந்தேகம் சரியாகத்தான் இருக்கிறது. இந்த ஞானம் எனக்கு ஒரு டிசம்பர் மாதச் சாயங்காலம் வந்தது. அப்போது நான் ஒரு தகர டப்பாவுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கேபிள் இணைப்பு உள்ள அத்தனை வீட்டிலும் என்னை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மண்ணூர்பேட்டையில் ஏசி டக்ட், அதாவது குளிர்காற்று போகும் தகரக் குழாய், செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். (என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.) ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் வாலிபர் சங்கத்தின் ஆஸ்தான நாடக ஆசிரியர். பாடகர் குழுவில் பாடும் எஸ்தருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகக் காதல். அது யாருக்கும் தெரியாது என்று உலகத்தில் நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

எஸ்தரின் அப்பா மோசஸ் அங்கிளுக்குப் பாடியில் ஹார்டுவேர் கடை. ஊரெல்லாம் அவரைக் கஞ்சன் என்பார்கள். கஞ்சத்தனம் அவருக்கு இரண்டாவது வியாதி. முதல் வியாதி சந்தேகம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் கேக்கும் முறுக்கும் வந்தால், வாங்குவதற்கு முன்னால் "இன்னாத்துக்கு?" என்று கேட்பார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கொடுத்து வாழ்வதைப் பற்றிப் பாஸ்டர் பிரசங்கம் பண்ணினால், சர்ச்சுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார். (அடுத்த மாதம் அடித்தார்கள் என்பது வேறு விஷயம்.)

எஸ்தரைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளையும் இப்படித்தான் விசாரித்து அனுப்பினார். ஒருத்தர் பைக்கில் வந்து ஸ்டைலாக இறங்கினார். "வண்டி யார்துப்பா?" என்றார் அங்கிள். அண்ணனுடையதாம். அந்தச் சம்பந்தம் வாசலோடு முடிந்தது. ஆனால் ஜனவரியில் நசரத்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வருவதாக இருந்தது. சொந்த வீடு, சொந்த வண்டி. விசாரணையில் தேறிவிடுவான் போலிருந்தது. "நேரா வந்து அப்பாகிட்ட கேளு" என்றாள் எஸ்தர். கேட்கிறேன், கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் அவர் கடை இருக்கும் பக்கம் போகாமல் பஸ் ரூட்டை மாற்றிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பஷீர் பாய் கூப்பிட்டு அனுப்பினார். பூந்தமல்லியில் லோக்கல் கேபிள் சேனல் நடத்துகிறவர். ரம்ஜானுக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று ஸ்பெஷல் நிகழ்ச்சி போடுவார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சில் பாடின பழைய கீத ஆராதனையையே வருடா வருடம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வாட்டி புச்சா எதுனா பண்ணு. சயின்ஸு, ராக்கெட்டு, அந்த மேரி. பசங்க குந்தி பாக்கும்" என்றார். "லைவா போட்டுர்லாம். எடிட்டிங் பண்ற பேஜாரு இல்ல."

அன்று ராத்திரியே என் மூளையில் விளக்கு எரிந்தது. (ஃப்யூஸ் போவதற்கு முன்னால் பல்பு அப்படித்தான் எரியும்.) கதை இதுதான். ஒரு கஞ்ச வியாபாரி. எதிர்காலத்திலிருந்து ஒரு ரோபோ வந்து, கால எந்திரத்தில் அவனை எண்பது வருடம் தள்ளிக் கூட்டிப்போகிறது. எல்லோரும் செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோய்விட்டார்கள். அவன் சேர்த்துவைத்ததெல்லாம் அனாதையாகக் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லை. கஞ்சன் கதறித் திருந்துகிறான். கடைசிக் காட்சியில் ரோபோ தன் தலையைக் கழற்றி, "நான்தான் உங்கள் வருங்கால மருமகன்! உங்களைத் திருத்தவே காலம் கடந்து வந்தேன்" என்கிறது. கஞ்சன் கண்ணீரோடு, "என் மகளை உனக்கே கொடுத்தேன்" என்கிறான். சுபம்.

கஞ்சனாக மோசஸ் அங்கிள். ரோபோவாக நான்.

பாஸ்டர் முன்னால், சபை முன்னால், பெண்ணின் அப்பா தன் வாயால் "கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் அது லேசான விஷயமில்லை. அப்புறம் நாடகம்தானே என்று அவர் நழுவப் பார்த்தால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். தலையைக் கழற்றியதும் என் சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவது. இருபத்தாறு வயதில் இது எனக்குப் பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது. எஸ்தரிடம் போனில் சொன்னேன். கடைசிக் காட்சியை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் "சரி" என்றாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். அங்கிள் ஸ்க்ரூக்களைச் சைஸ்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நடிக்கணுமா? நானா? இன்னாத்துக்கு நானு?"

"உங்க முகத்துல ஒரு கம்பீரம் இருக்கு அங்கிள்."

"இன்னா வேஷம்?"

"பெரிய வியாபாரி."

"கஞ்சனா?"

"கொஞ்சம்... சிக்கனம்."

"சர்ச்சுல இத்தினி பேரு கீறானுங்க. என்கைல வந்து கேக்குற. செலவ என் தலைல கட்டப் போறியா?"

"ஐயோ, ஒண்ணுமே வேணாம் அங்கிள். உங்க கடை போர்டைக்கூட சும்மாவே பின்னாடி வைக்கறோம். ஒரு மணி நேரமும் டிவில தெரியும்."

கையிலிருந்த ஸ்க்ரூவைக் கீழே வைத்தார். வாசலுக்கு வந்து போர்டை அண்ணாந்து பார்த்தார். "லைட்டு போட்டுக் காட்டுவியா?" என்றார்.

அப்படித்தான் எங்கள் எதிர்கால நகரத்தில், பறக்கும் பேருந்துகளுக்கும் செவ்வாய்க்குப் போகும் ராக்கெட்டுக்கும் நடுவில், ஜிஐ பைப்பும் பெயின்டும் கிடைக்கும் என்ற போர்டு பளபளவென்று இடம்பிடித்தது.

ஒத்திகையில் மனிதர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். கால எந்திரம் என்பது சர்ச் அலுவலகத்து இரும்பு பீரோ. உள்ளே போவதற்கு முன்னால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தினமும் கேட்டார். கடைசிக் காட்சியை மட்டும் நான் அவருக்குச் சொல்லவே இல்லை. "அது அன்னிக்குத்தான் அங்கிள். உணர்ச்சி இயல்பா வரணும். நான் மெதுவா சொல்லச் சொல்ல, நீங்க திருப்பிச் சொன்னா போதும்" என்றேன். "சரி நைனா" என்று உடனே ஒத்துக்கொண்டார். கேக்குக்கே காரணம் கேட்கிற மனிதர் இதற்குக் காரணம் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் சாமர்த்தியம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

நிகழ்ச்சியன்று பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் வந்து என்னை டக்ட் தகரத்துக்குள் விட்டு ரிவெட் அடித்தார்கள். உட்கார முடியாது, குனிய முடியாது. தலைக்கு ஒரு தகரக் கூண்டு, அதைக் கம்பியால் கழுத்தோடு முறுக்கிவிட்டார்கள். பார்க்க ஒரு விரற்கடை சந்து. அது வழியாக நேர் எதிரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா தெரிந்தார்; மற்றதைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். சர்ச் ஹால் நிறைந்திருந்தது. பஷீர் பாய் தானே கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

முதல் அரை மணி நேரம் ஜோராகப் போனது. அங்கிள் கஞ்சத்தனம் பண்ணியதைப் பார்த்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். (நடிக்கிறார் என்று நினைத்தார்கள்.) பீரோவிலிருந்து நான் இறங்கினேன். "மானிடா! நான் எதிர்காலத்திலிருந்து வருகிறேன்!"

இங்கே அவர் நடுங்க வேண்டும். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எதிர்காலத்துலேர்ந்து வந்துகீறேன்ற. அதுக்கு இன்னா அத்தாட்சி?"

ஹால் சிரித்தது. வசனம் மறந்துவிட்டார் போல என்று நினைத்து நான் கிசுகிசுத்தேன்: "ஐயோ, என்னை மன்னித்துவிடு..."

"காதுல ஊதாத. மைக்ல சொல்லு. அங்க பாடில ஒரு கிரவுண்டு இன்னா வெல போவுது?"

"அது... மதிப்பிடவே முடியாத விலை, மானிடா."

"அப்ப இப்ப விக்கக் கூடாது" என்று அவர் ஜனங்களைப் பார்த்துச் சொன்னார். முன்வரிசைக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் பஷீர் பாய் பக்கம் உடம்போடு திரும்பி, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினேன். "போன் மேல போன் வர்துபா, உடாத!" என்று அவர் கத்தினார்.

"எனக்கு ஒரு பொண்ணு கீது. அத்த யாரு கட்டிகினான்?"

கடவுளே கதவைத் திறக்கிறார் என்று நினைத்தேன். "ஒரு நல்ல இளைஞன்! நம் சர்ச் பையன்!"

"வரதட்சண எவ்ளோ வாங்கினான்?"

"ஒரு பைசா வாங்கவில்லை!"

பின்னாலிருந்து பெண்கள் கைதட்டினார்கள். தகரத்துக்குள் கைதட்டல் நன்றாக எதிரொலிக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நக, கட்டிலு, ஃப்ரிட்ஜு, வண்டி?"

"எதுவும் வேண்டாம் என்றான்!"

"கல்யாணச் செலவு?"

இங்கே எந்தப் புத்திசாலியும் வாயை மூடியிருப்பான். எனக்குக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. "அவனே!"

"மண்டபம்?"

"அவனே!"

"பிரியாணி? மட்டனா, சிக்கனா?"

"ம... மட்டன்!"

சந்து வழியாக அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொள்வது தெரிந்தது. என்னவெல்லாம் ஒத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கிள் நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் மேடை ஓரத்தில் நின்ற பாடகர் குழு பக்கம் திரும்பி, பாடம் மறந்த பையனைப் போல யோசித்துவிட்டுக் கேட்டார்.

"கல்யாணத்துக்கப்பறம் அதுவும் வேலைக்குப் போச்சா? அப்ப ஊட்ல சமையலு யாரு?"

"...அவன்."

"தெனமுமா?"

"தினமும்" என்றது ரோபோ.

அவர் எழுந்து கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். "சரி, மூஞ்சிய காட்டு." நான் கூண்டைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். (நாடகத்துக்கு யாராவது கட்டிங் பிளேயர் கொண்டுவருவார்களா? யோசித்துப் பாருங்கள்.) கம்பியை நறுக்கித் தலையைக் கழற்றினார். வேர்வையில் குளித்து, முகமெல்லாம் வெள்ளிப் பேப்பர் ஒட்டிக்கொண்டு நின்ற என்னைத் தோளைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினார்.

"பாஸ்டரு, கேட்டுக்கினீங்களா? பாய், பதிவு ஆச்சா?"

"பக்காவா ஆய்ட்ச்சு அண்ணாத்தே!"

"இவன் வாயால இவனே சொல்ட்டான். நான் என் வாயால சொல்றேன். பொண்ண குடுத்தேன்."

கஞ்சன் அழுவதாகத்தான் எழுதியிருந்தேன். அழுதது நான். வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. எஸ்தர் எனக்குத்தான் என்று ஆனபிறகு யார் சிரித்தால் என்ன என்று அந்த நிமிடம் நிஜமாகவே தோன்றியது. மூன்றாவது வரிசையில் அம்மாவும் அழுதார். அவர் காரணம் மட்டன் பிரியாணி.

கஞ்சன் திருந்தும் கதை என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்தோம். கஞ்சன் முன்பைவிட நன்றாகத் தேறிவிட்டார். கல்யாணத்தில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, இரண்டு தூக்கில் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மறுவீட்டின்போது கேட்டேன்.

"கடை போர்ட சும்மா வெக்கறேன்ன. சும்மா எவன்பா வெப்பான்? அதுவுமில்லாம, பாட்டு ப்ராக்டீஸ் முடிஞ்சி ரெண்டு வருசமா எங்க ஊட்டுத் தெரு வழியா போய்கினு கீற. உன் ஊடு எந்தாண்ட கீது?"

எங்கள் வீடு நேர் எதிர்த் திசையில்.

கடைசிக் காட்சி எப்படிக் கசிந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எஸ்தரிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்றாள். பல வருடம் அதையே சொன்னாள். அந்த வீடியோ இப்போது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். ரோபோ "அவனே!" என்று கத்தும்போதெல்லாம் என் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்.

போன கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சமையல் கேள்வி வந்ததும் மாமனார் சலித்துக்கொண்டார். "இந்தக் கேள்வி மட்டும் என்தில்லபா. சமையலு யாரு பண்ணா எனக்கு இன்னா நஷ்டம்? அன்னிக்கு சொல்லிக் குடுத்தத கேட்டேன்."

ஹாலில் எல்லோரும் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அடுப்புல மட்டன் இருக்கு. அடிபிடிக்கப் போகுது, போய்ப் பாரு" என்றாள்.

போனேன். பதிவு இருக்கிறதே, என்ன செய்வது?