கம்பம் பள்ளத்தாக்கில் பனி பெய்த தேர்தல்

முல்லையாறு இறங்கி வந்த நாள் முதலாகக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைந்திருக்கிறது, தென்னை விளைந்திருக்கிறது, வழிப்போக்கரைத் துரத்துகிற கோம்பை நாய் விளைந்திருக்கிறது. உலக இலக்கியம் விளைந்தது ஒரே ஒரு தடவைதான். அது 1930-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில், போடி ஏலக்காய் வியாபாரி வீரபாண்டியின் ஏக புத்திரன் கர்ணன் இரண்டாம் முறையாகப் போட்டியிட்டபோது.

முதல் முறை அவர் நின்றது நாலு வருஷம் முன்பு. அப்போது கடமலைக்குண்டுச் சந்தையில் ஆட்டு வியாபாரம் நடக்கிற பக்கமாக மேஜை போட்டு, ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற பொருளில் இரண்டரை மணி நேரம் பேசினார். ஆடுகள் கடைசிவரை இருந்தன. கிடைத்த ஓட்டு பதினொன்று. அதில் நாலு பேர் உறவுக்காரர்கள். மிச்சம் ஏழு பேர் தவறுதலாகப் போட்டுவிட்டவர்கள் என்று பின்னால் விசாரித்ததில் தெரிந்தது.

ஜெயித்தவர் கோம்பை மிராசுதார் மொக்கைச்சாமி. சென்னைக்குப் போய் நாலு வருஷம் சபையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பியவர். ஒரே ஒரு தடவை தும்மினாராம். அதையும் சபைத் தலைவர் ஆட்சேபணை என்று எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

இரண்டாம் முறை நிற்கக் கிளம்பியபோது வீரபாண்டி மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, இந்தத் தடவையும் தோத்தியன்னா புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டு மலைக்குப் போயி ஏலத்தோட்டத்தைப் பாரு. ஒனக்கு முப்பத்தொரு வயசு. நம்ம தோட்டம் எந்தத் திசையில இருக்குன்னு தெரியுமா?”

கர்ணன் யோசித்தார். “மேலே” என்றார்.

அது சரியான பதில்தான். ஆனாலும் அவர் அங்கே ஒரு தடவையும் போனதில்லை. மலைக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. குளிரைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் சென்னையிலிருந்து தபாலில் வருகிற புத்தகங்களின் வாயிலாகத்தான். ருஷிய பாஷையிலிருந்து இங்கிலீஷுக்குப் பெயர்த்த நாவல்கள். அவற்றில் அவர் எத்தனையோ பனிப்புயல்களைப் போடியின் வெயிலில், விசிறியும் கையுமாகத் தாங்கியிருக்கிறார். சட்டசபை, அல்லது மலை. இதற்கு மேல் ஒரு மனிதனை மூலையில் நிறுத்த முடியாது. ஆகவே பிரசாரத்தை எப்படி நடத்துவது என்று சாப்பாட்டு நேரத்தில் மனைவி பஞ்சம்மாளிடம் ஆலோசனை கலந்தார்.

“நீங்க மேடையில பேசுறது எனக்கே வெளங்காது” என்றாள் பஞ்சம்மாள். “சோறு திங்கையில ஒரு கதை சொன்னீகளே, பனிக்குள்ள ஒரு பொம்பள காய்ச்சக்காரப் பிள்ளையத் தூக்கிட்டு நடப்பாளே, அதைச் சொல்லுங்க. அதுக்கு ரெண்டு நாள் அழுதேன் நான்.”

“பஞ்சு, அது நாவல். இது தேர்தல்.”

“அழுகை ஒண்ணுதான?”

அரசியல் சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இல்லை. மண்டியில் கணக்கு எழுதும் ராக்கப்பன் அன்றே ‘பிரதமப் பிரசாரகர்’ ஆக்கப்பட்டார். கர்ணன் வசனத்தைச் சொல்ல வேண்டியது, ஜனங்களுக்கு எது புரியவில்லையோ அதை ராக்கப்பன் விளக்க வேண்டியது என்று ஏற்பாடு.

முதல் கூட்டம் எதிரியின் சொந்த ஊரான கோம்பையில்.

“அந்தத் தேசத்தில் பனி வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழும்” என்று தொடங்கினார் கர்ணன். கூட்டம் திருதிருவென்று விழித்தது.

“மலை மேல ஆடி மாசம் மஞ்சு எறங்குமே” என்றார் ராக்கப்பன். “கையை நீட்டினா கை தெரியாதே, அதுதான்.”

“ஓ!” என்றது கூட்டம்.

“அங்கே ஒரு பிரபு. மாளிகையில் கணப்பின் முன் அமர்ந்து கவிதை படித்துக்கொண்டிருக்கிறார்.”

“தோட்டத்து மொதலாளி. பங்களாவுல கங்கு மூட்டி உக்காந்திருக்காக.”

“வெளியே அவருடைய வேலையாட்கள். போர்த்திக்கொள்ள ஒரு கந்தல் இல்லை. கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு...”

ராக்கப்பன் வாயைத் திறப்பதற்குள் கூட்டமே சொல்லிவிட்டது: “சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டு!”

கர்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ வடதுருவத்துப் பக்கம் ஒரு மனிதர் எழுதியதைக் கோம்பைக்காரர்கள் முன்கூட்டியே அறிந்திருக்கிறார்கள்! மனித இதயம் எங்கும் ஒன்றே என்று புத்தகத்தில் படித்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்தத் தாய் மருந்து கேட்டு மாளிகை வாசலில் நின்றதையும், பிரபு பக்கத்தைப் புரட்டியதையும், அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மலையிறங்கியதையும் சொன்னார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் கூட்டம் பெருகியது. அந்தக் காலத்தில் தீர்வை கட்டுகிற நிலம் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. மலைக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் காது உண்டு என்பதால் அவர்களும் வந்தார்கள். வந்து, ஓட்டு உள்ள பங்காளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, நடுநடுவே அவர்கள் காதில் ஏதோ சொன்னார்கள். கதை புரியாதவர்களுக்குப் புரிந்தவர்கள் விளக்குவதாகக் கர்ணன் எடுத்துக்கொண்டார். அது ஒருவகையில் உண்மையும்கூட.

மொக்கைச்சாமி பிரசாரமே செய்யவில்லை. கர்ணன் கூட்டங்களுக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னமனூரில் மேடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, ஒங்க பேச்சைக் கேக்க பத்து மைல்லேருந்து ஆளுக நடந்து வாராக. எங்க வண்டி எட்டுச் சும்மா நிக்குது. அனுப்பிவிடட்டுமா?”

“நீங்கள் என் எதிரியாயிற்றே!”

“இருக்கட்டும் தம்பி. நீங்க சொல்றது அம்புட்டும் நெசம். அதை நாலு பேரு கேக்கணும்.”

கர்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரியின் வாள் முறிந்தால் தன் வாளை நீட்டுகிற வீரர்களை அவர் ஏட்டில்தான் கண்டிருந்தார். கோம்பையில் ஒருவர் இருப்பது அதுவரை தெரியாது.

காமயகவுண்டன்பட்டிக் கூட்டத்தில், தன் பேரில் பட்டாவும் ஓட்டும் உள்ள மூக்கம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண் எழுந்து நின்றாள்.

“அய்யா, அந்தப் பிள்ளை பொழைச்சுச்சா?”

கர்ணன் கையை உயர்த்தினார். “அம்மா! அந்தக் குழந்தையின் உயிர் உங்கள் ஓட்டில் இருக்கிறது!”

பலத்த கைதட்டல். மூக்கம்மாள் தட்டவில்லை. “அதில்லைங்கய்யா. பொழைச்சுச்சா இல்லையா, அதைச் சொல்லிட்டுப் போங்க” என்றாள். அதற்குள் ராக்கப்பன் வந்தே மாதரம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மறுநாள் வீரபாண்டி மகனை மண்டிக்கு வரவழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஏலே, அந்தப் பிள்ளைக்காரி சமாச்சாரம் ஒனக்கு யாரு சொன்னது?”

கர்ணன் முகம் மலர்ந்தது. “நீங்களும் படிச்சிருக்கீகளா அப்பா?”

“என்னத்தைப் படிக்க? அது எனக்கும் தோட்டத்துக் கங்காணிக்கும் நடந்த பேச்சு. நான் மருந்து குடுக்கலைன்னு எவன் சொன்னான்?”

“மூணாம் அத்தியாயத்துல வருதே அப்பா. எழுதுனவரு ருஷியாவுல இருக்காரு.”

வீரபாண்டி கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். “அம்புட்டுத் தூரத்துக்கா பரவிடுச்சு?”

ஏலக்காய் வியாபாரத்திலேயே ஆயுளைக் கழித்துவிட்ட தகப்பனையும் இலக்கியம் இப்படி உலுக்கிவிட்டதே என்று கர்ணன் பெருமிதத்தோடு வெளியே வந்தார். வெற்றியைப் பற்றி அதற்கு மேல் சந்தேகம் இல்லை. சட்டசபையில் பேச வேண்டிய கன்னிப் பேச்சைக்கூட எழுதத் தொடங்கிவிட்டார். அதிலும் பனி பெய்தது.

தேர்தல் நடந்தது. எண்ணி முடித்துத் தாலுகா கச்சேரி வாசலில் முடிவு ஒட்டியபோது கர்ணனுக்கு நாலு ஓட்டு.

“போன தடவை தவறுதலாப் போட்டாகளே ஏழு பேரு” என்றார் ராக்கப்பன். “இந்தத் தடவை அவுக கவனமா இருந்துட்டாக.”

மறுவாரம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து வீட்டு வாசலில் நின்றது. வண்டி நிறையக் கம்பளி. நாற்பத்து மூன்று. மூக்கம்மாள் இறங்கி வந்தாள்.

“தோத்ததுக்கு மனசு விடாதீகய்யா. ஒங்களைப்போல உண்மையைச் சொல்ற ஆளு இந்தச் சீமையில கெடையாது. பெத்த தகப்பன்னுகூட நீங்க பாக்கல. ஊரே ஒங்களைத்தான் பேசுது.”

“அப்படியென்றால் ஏன் ஓட்டுப் போடவில்லை?”

“அந்த வீட்டுக்கு எப்படிய்யா போடுறது?”

“எந்த வீடு? அம்மா, அது ருஷியா தேசம்!”

மூக்கம்மாள் கர்ணனைப் பரிவோடு பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். “புரியுதுய்யா. அப்பா உள்ள இருக்காகளாக்கும்?”

“இல்லை, நிஜமாகவே...”

“சரிங்கய்யா, ருஷியாவாவே இருக்கட்டும். இந்தக் கம்பளியை மேல சேத்துருங்க. ஊரு கூடிக் குடுத்தது. என் தங்கச்சி மக சோணையம்மா ஒங்க தோட்டத்துலதான், கூலிக்காரக மூணாம் லயத்துல இருக்கா. கைப்பிள்ளைக்கு இருமல்னு சொல்லிவிட்டிருந்தா. பெறகு சேதி இல்லை. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னுதான் அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால எந்திரிச்சுக் கேட்டேன்.”

வண்டி திரும்பிப் போயிற்று. கர்ணன் கம்பளிகளுக்கு நடுவே நின்று ஆழ்ந்து சிந்தித்தார். இங்கேதான் அவருடைய நேர்மை வெளிப்பட்டது. சாமானியனாக இருந்தால் கம்பளிகளை அன்றே மலைக்கு அனுப்பிக் கையைக் கழுவியிருப்பான். கர்ணன் அப்படிச் செய்யவில்லை. ஜனங்கள் அழுதது எந்தக் கதைக்கு? ருஷியக் கதைக்கு. அப்படியானால் நன்கொடை எந்த ஏழைகளுக்குச் சேர வேண்டியது? தூத்துக்குடிக் கப்பல் ஏஜெண்டுக்கு அன்று மாலையே கடிதம் போயிற்று. ‘ருஷியப் பனிப்பிரதேச ஏழைகள் சகாய நிதிக் கம்பளிகள்’ என்று ஒவ்வொன்றிலும் ராக்கப்பன் சீட்டு எழுதித் தைத்தார்.

பஞ்சம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “மூணாம் லயம் ருஷியாவுலயா இருக்கு?”

“கேட்டவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்காகக் கதையை மாற்ற முடியுமா பஞ்சு?”

“கதையை மாத்த வேணாம். கம்பளியக் குடுங்க.”

இலக்கிய விஷயத்தில் பெண்களோடு தர்க்கம் செய்வதில்லை என்பது அவர் கொள்கை. இந்தத் தேர்தலுக்குப் பிறகு ஏற்படுத்திக்கொண்டது.

வீரபாண்டி சொன்ன சொல் மாறாதவர். மகன் மலைக்குப் போக வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். புத்தகத்தைப் பரணில் போடும் பகுதியை மட்டும் கர்ணன் பேசித் தள்ளுபடி வாங்கிக்கொண்டார். நாலு பேர் டோலி தூக்க, கழுதைகள் கம்பளியும் நாவல்களும் சுமக்க, அவர் தம் வாழ்நாளில் முதல் தடவையாகக் குளிருக்குள் பிரவேசித்தார். அது புத்தகத்தில் வருவதைப்போலவே இருந்தது என்பதில் அவருக்கு மெத்தத் திருப்தி. தூத்துக்குடிப் பதில் வரும்வரை கம்பளிகளைப் பங்களாவின் சரக்கறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தரம் பார்ப்பதற்காக ஒன்றை மட்டும் எடுத்து முழங்காலில் போர்த்திக்கொண்டார். கங்காணி கங்கு மூட்டி வைத்தான். வெளியே மழையும் மஞ்சும். கர்ணன் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார்.

“அய்யா” என்றான் கங்காணி. “மூணாம் லயத்துப் பொம்பள ஒண்ணு கைப்பிள்ளையோட வாசல்ல வந்து நிக்கிது. கம்பளி வந்திருக்காமேன்னு கேக்குது.”

“தூத்துக்குடியிலிருந்து பதில் வரட்டும் என்று சொல்.”

கங்காணி போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினான். கர்ணன் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிரபுவின் கல்நெஞ்சை நினைக்க நினைக்க அவருக்குக் கண்ணீர் பெருகியது. புத்தகம் நனைந்துவிடாமல் கம்பளியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். வெளியே யாரோ ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்ததில், கதையில் அந்தக் குழந்தை இருமுவது அவர் காதில் சரியாக விழவில்லை.